பாய் கடைப் புழு

வண்ண மீன் கடைக்காரனுக்கு ‘மீன் நல்லா இருக்கு’ என்று சொல்வதற்காக யாரும் போன் பண்ணுவதில்லை. மீன் செத்தால் போன் வரும். குட்டி போட்ட மீன் அந்தக் குட்டியையே தின்றுவிட்டால் போன் வரும். மீன் ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றால்கூட, ‘எங்க மேல கோவமா பாய்’ என்று கேட்டு போன் வரும். கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் ரோட்டில் பன்னிரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். ஊரில் எனக்குப் பேர் மீன் பாய். மார்க்கெட்டில் கறி மீன் விற்கும் பாய் வேறு ஒருத்தர் இருக்கிறார். அவரைத் தேடி வந்தவர்கள் என் கடையில் நுழைந்து, தங்க மீனைக் காட்டி, ‘இது குழம்புக்கு நல்லாருக்குமா’ என்று கேட்டதும் உண்டு.

வீட்டில் தொட்டி வைத்து அவஸ்தைப்படும் அன்பர்களே, போன வருஷம் மழை ஆரம்பித்த சமயத்தில் நம் தொட்டிகளில் திடீரென்று புழு கண்டதே, அதை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளை நூலைப் பொடிப்பொடியாக வெட்டித் தண்ணீரில் விட்ட மாதிரி, கண்ணாடி முழுக்க நெளிந்தது. அந்த மூன்று வாரம் நான் பட்ட பாடும், அவரவர் என்னைக் கேட்ட கேள்வியும் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். கேட்டதைக் கேட்டபடியே எழுதியிருக்கிறேன், ஒரு வார்த்தையும் நான் சேர்க்கவில்லை.

சரக்கு வந்தாச்சு

எங்கள் தொழிலில் புழு என்றால் தீனி. சிவப்பாக, தலைமுடி உருண்டை மாதிரி சுருண்டு கிடக்கும். பெரிய மீன்களுக்கு அதுதான் பிரியாணி. சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வரும். வந்த உடனே குளிர்ச்சியில் வைக்காவிட்டால் கடைத்தெரு முழுக்க நாறிவிடும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பஸ் ஸ்டாண்டு பார்சல் ஆபீஸிலிருந்து போன் வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன். போனும் வந்தது. யார் என்ன என்று பார்க்காமல் எடுத்துவிட்டேன்.

“பாய், புழு வந்திருச்சு” என்றது ஒரு பெண் குரல். “அப்பாடா, நேத்தே எதிர்பாத்தேன். எவ்ளோ வந்திருக்கு?” என்றேன். “எண்ண முடியல பாய், கண்ணாடி பூரா நெளியுது.” பார்சல் பிரிந்து கண்ணாடி மேஜையில் கொட்டிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். “ஒண்ணும் பதறாதம்மா. ஒரு கரண்டியால வழிச்சி, பாதிய ஃபிரிட்ஜுல வை. மீதிய நான் வந்து எடுத்துக்கிறேன்” என்றேன். அப்புறம்தான் தெரிந்தது, பேசியது பார்சல் ஆபீஸ் இல்லை, ரவிக்கை தைக்கும் விஜயா அக்கா. அவர் வீட்டுத் தொட்டியில்தான் முதல் புழு. அவர் நிதானமாகக் கேட்டார்: “புழுவப் பாத்துட்டு நானே ரெண்டு நாளா சோறு எறங்காம கீறேன், நீங்க ஃபிரிட்ஜுல வைக்கச் சொல்றீங்களே பாய், நல்லாதான கீறீங்க?”

ஒரு மூடி

இரண்டு நாள் கழித்து தியாகதுருகத்திலிருந்து முருகேசன் வந்தார். ஆடு வளர்க்கிறவர். ஆட்டுப் பட்டியில் நாள் முழுக்க நின்றுவிட்டு, சாயந்தரம் மீன் தொட்டி முன்னால் உட்கார்ந்தால்தான் மனசு அடங்குகிறது என்பார். ஒரு தண்ணீர் பாட்டிலை மேஜையில் வைத்தார். உள்ளே விஜயா அக்கா சொன்ன அதே புழு. எனக்கு அருவருப்பு வரவில்லை, ஆசைதான் வந்தது. வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் லென்ஸ் வாங்கி வந்து பார்த்தேன். தலை எது, வால் எது என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆடியது. கடிக்கிற வாய் எதுவும் காணோம். இதே புழுவை எத்தனையோ தொட்டிகளின் அடியில், கல்லுக்கு இடையில், ஒன்று இரண்டாகப் பார்த்திருக்கிறேன். இப்படிப் படையெடுத்துப் பார்த்ததில்லை. ஒளிந்துகொண்டு கிடந்தது எதற்கு வெளியே வந்தது என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது.

“ஏதாவது மருந்து ஊத்தினீங்களா?” என்று கேட்டேன். மீனையெல்லாம் குண்டானில் எடுத்து விட்டுவிட்டு, ஆட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தை ஊற்றியிருக்கிறார். தண்ணீர் பால் மாதிரி வெளுத்துப்போனது, புழு அப்படியேதான் இருந்தது. “அளவு தெரியாம ஏங்க ஊத்துறீங்க?” என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் கோபப்படவில்லை. “ஆட்டுக்கு எட போட்டு ஊத்தச் சொல்லிக்கீறாங்க பாய். இந்தப் புழுவ எட போடற தராசு எங்கிட்ட ஏது, அதான் ஒரு மூடி ஊத்திட்டேன்.”

பூச்சி மருந்து

எங்கள் ஊரில் குழந்தைகளுக்குப் பார்க்கும் டாக்டரம்மா ஒருத்தர் இருக்கிறார். அவர் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் ஹாலில் நாலடித் தொட்டி ஒன்று, நான் வைத்துக் கொடுத்தது. ஊசிக்கு அழும் பிள்ளையெல்லாம் அதைப் பார்த்து அடங்கும். என் கடைக்கு வரும் பாதிப் பேர் அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள்தான். நர்ஸ் செல்வி போன் பண்ணி “சீக்கிரம் வாங்க” என்றாள். போய்ப் பார்த்தால் அங்கேயும் அதே கூத்து. வாரா வாரம் தண்ணீர் மாற்றுகிறாள், தீனி அளவாகப் போடுகிறாள், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. “வேற எதாவது போட்டியாம்மா?” என்றேன். “நீங்க குடுத்ததத்தான் போடறேன்” என்றாள். விஜயா அக்காவும் அதையே சொன்னார், முருகேசனும் அதையே சொன்னார். நான் கொடுக்கும் தீனி நல்ல தீனி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாததால், அந்தக் கேள்வியை அதோடு விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா கூப்பிட்டார். தொட்டியில் நெளிவதைப் பார்த்த தாய்மார்களெல்லாம் உள்ளே வந்து, ‘புள்ளைக்கும் வயித்துல பூச்சி இருக்கும் போல, மருந்து எழுதிக் குடுங்க’ என்று பிடிவாதம் பிடிக்கிறார்களாம். சளிக்கு வந்தவர்களும் அதையேதான் கேட்கிறார்களாம். பத்து நாள் கெடு வைத்தார். அதற்குள் புழு போகவில்லை என்றால் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். “காலையிலேர்ந்து பூச்சி மருந்தா எழுதிக்கிட்டிருக்கேன் பாய், ஒரு புள்ளைக்கும் வயித்துல பூச்சி இல்ல, எல்லாம் உங்க தொட்டியிலதான் இருக்கு.”

இன்னா கலரு

அன்றைக்கு மத்தியானம் சோறு சாப்பிடும்போது எனக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது. இந்த மூன்று தொட்டியிலும் கரியாலூர் பாசி இருக்கிறது. சப்பட்டைக் கல்லில் நூல் கட்டி வளர்த்த பச்சைப் பாசி, தொட்டியில் வைத்தால் வெல்வெட் விரித்த மாதிரி இருக்கும். அதை வளர்ப்பவள் மல்லிகா. கல்வராயன் மலையில் கரியாலூருக்குப் பக்கத்தில் ஓடையை ஒட்டி அவளுக்குக் கொஞ்சம் நிலம். நீர்வீழ்ச்சி பார்க்கப் போன இடத்தில் அவள் வாய்க்கால் கல்லில் பாசியைப் பார்த்துவிட்டு, ‘இத வளத்துத் தர முடியுமாம்மா’ என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன். வாரம் இரண்டு தடவை ஈரச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொடுத்து அனுப்புவாள். அதற்கு முன்னால் வருஷத்தில் ஐந்து மாதம் புருஷனோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்க்கொண்டிருந்தவள், பாசி வந்த பிறகு போகவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களோடு வீட்டில் இருக்க முடிகிறது என்று பேசும்போதெல்லாம் சொல்வாள்.

நான் பாசியை நிறுத்தினால் அவள் எங்கே போக வேண்டியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போன் பண்ணினேன். டாக்டரம்மா வைத்த கெடு கண்ணை மறைத்துவிட்டது. “உன் பாசியில புழு இருக்கும்மா. ஊரே என்னைக் காறித் துப்புது. இனிமே அனுப்பாத” என்றேன். அழுவாள், சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு. “இன்னா கலருங்க?” என்றாள். வெள்ளை என்றேன். எவ்வளவு நீளம், மிதக்குதா ஒட்டுதா, வெளிச்சம் பட்டால் ஓடுதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் லென்ஸில் பார்க்காததையெல்லாம் அவள் போனில் கேட்டாள். கடைசியில் சொன்னாள்: “எங்க ஓடையில எறா கீது, நத்த கீது, நண்டு கீது, இத நான் பாத்ததில்லீங்க. செரி, பாசி அனுப்பல, ஆனா அந்தப் புழுவ ஒரு பாட்டில்ல புடிச்சி பஸ்ஸுல குடுத்து வுடுங்க, நான் பாக்கணும்.”

ஊறுகாய்

வீம்புக்குத்தான் அனுப்பினேன். ஆஸ்பத்திரித் தொட்டியிலிருந்து ஒரு பாட்டில் மொண்டு, கரியாலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் அவள் கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. வெளிச்சம் பட்டால் ஓடுமா, ஓடாதா? அன்பர்களே, என் வயசில் ஒருத்தன் புழுவுக்கு டார்ச் அடித்துப் பார்ப்பதை வீட்டில் யாரும் மெச்ச மாட்டார்கள். ஓடவில்லை என்பது மட்டும் தெரிந்தது. பிறகு கடை மேஜையில் வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள் வைத்தேன். ஒன்றில் குழாய்த் தண்ணீரும் மல்லிகாவின் பாசியும். ஒன்றில் தண்ணீரும் கல்லும் மட்டும். இன்னொன்றில் கல்லோடு நிறையத் தீனி. ஒவ்வொன்றிலும் புழு இரண்டு. தினம் காலையில் கடை திறந்ததும் முதல் வேலை அதை எண்ணுவதுதான்.

ஐந்தாம் நாள் பாசி பாட்டிலில் அதே இரண்டு. கல் பாட்டிலில் ஒன்றையும் காணோம். தீனி பாட்டிலில் எண்ணவே முடியவில்லை. புழுவைப் பெருக்குவது பாசி இல்லை, அடியில் தங்கி அழுகும் தீனி. இது கண்ணுக்கு எதிரே தெரிந்தும், ‘முதல் இரண்டு புழு பாசியில்தானே வந்திருக்கும்’ என்று நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். தப்பு நம்முடையதாக இருக்காது என்று முடிவு கட்டிவிட்டால் கண்ணெதிரே இருப்பதும் தெரியாது. பாட்டில்களுக்கு நடுவே லென்ஸோடு உட்கார்ந்திருந்த என்னைப் பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மீன் யாவாரம் போதும்னு ஊறுகா போட ஆரம்பிச்சிட்டீங்களா பாய்?”

பிளாஸ்டிக் தென்னை மரம்

அந்த வாரக் கடைசியில் உளுந்தூர்பேட்டையிலிருந்து ஏழுமலை கூப்பிட்டார். லாரி டிரைவர்கள் சாப்பிடும் ஓட்டல் வைத்திருக்கிறார். கல்லாவுக்குப் பக்கத்தில் தொட்டி. ‘புழுவப் பாத்துட்டு இட்லிய அப்படியே வுட்டுட்டு எழுந்து போறாங்க பாய்’ என்றார். பஸ் ஏறிப் போனேன். போகும் வழியெல்லாம் அவருக்கு எப்போது பாசி கொடுத்தோம் என்று யோசித்துக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் அந்தத் தொட்டியில் பாசியே இல்லை. பிளாஸ்டிக் தென்னை மரம் ஒன்று, வாயைத் திறந்து மூடும் பிளாஸ்டிக் முதலை ஒன்று. நிஜச் செடி அவருக்கு ஆகாது, கழுவ முடியாது என்பார். அந்தத் தொட்டியில்தான் எல்லாவற்றையும்விட ஜாஸ்தி புழு. மல்லிகாவிடம் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது.

“இன்னா தீனி போடறீங்க?” “நீங்க குடுத்ததத்தான்.” “அதக் காட்டுங்க.” கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்தார். என் கடைக் கவர். மேலே தங்க மீன் படம் போட்ட என் ஸ்டிக்கர். உள்ளே பொரி.

விஷயம் இதுதான். ஆயுத பூஜைக்கு எங்கள் தெருவில் எல்லாக் கடைக்காரர்களும் வாடிக்கையாளருக்குப் பொரி கொடுப்பார்கள். பட்டறைக்காரர் வருஷா வருஷம் எனக்குக் கொடுப்பார். நாம் மட்டும் வாங்கித் தின்றுகொண்டே இருப்பதா என்று, போன வருஷம் ஒரு மூட்டை வாங்கி நானும் பாக்கெட் போட்டேன். கடலையும் வெல்லமும் சேர்த்தால் பிசுபிசுக்கும் என்று வெறும் பொரி. கவர், மீன் தீனி போடும் அதே கவர். வந்தவர்கள் கையில் ‘வச்சுக்குங்க’ என்று கொடுத்தேனே தவிர, எதற்கு என்று ஒருத்தரிடமும் சொல்லவில்லை. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய ஜனங்கள், மீன் கடையில் கொடுத்த பொரியை என்ன செய்வார்கள்? தின்றது போக மீதி ஊறி, கல்லுக்கு அடியில் போய் அழுகி, கல்லோடு கல்லாக ஒளிந்து கிடந்த புழுவுக்கெல்லாம் விருந்து வைத்துவிட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். ஏழுமலை என்னைத் தேற்றுகிற மாதிரி சொன்னார்: “பாய் கடையில ஆயுத பூஜைக்குப் பொரி குடுப்பாங்கன்னு யாருக்குங்க தெரியும், மீனுக்குன்னு நெனச்சி எங்க வூட்டுப் புள்ளைங்களக்கூட நான் தொட வுடல.”

மூணு நாள்

பொரி வாங்கிப் போன எல்லாருக்கும் போன் பண்ணினேன். குழாய் வைத்து அடிக்கல்லில் இருக்கும் அழுக்கை உறிஞ்சி எடுங்கள், தினம் கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள், மூன்று நாள் ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள் என்றேன். பெரிய மீன் மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது, சின்ன மீன் அந்தப் புழுவையே பிடித்துத் தின்னும். ஆஸ்பத்திரித் தொட்டியை நானே உட்கார்ந்து சுத்தம் பண்ணினேன். கெடு முடிவதற்கு ஒரு நாள் முன்னால் கண்ணாடி துடைத்த மாதிரி ஆனது, டாக்டரம்மா பார்த்துவிட்டு, தொட்டி இருக்கட்டும் என்று தலையாட்டினார். விஜயா அக்காவிடம் மட்டும்தான் பட்டினி விஷயத்தைப் புரியவைக்க முடியவில்லை. மீன் தன்னையே பார்க்கிறது, பாவமாக இருக்கிறது என்றார். திரும்பத் திரும்ப நான் மூன்று நாள் மூன்று நாள் என்று சொன்னதும் கேட்டார்: “மீனுக்கும் நோன்பு வச்சிட்டீங்க, செரி, சாயந்தரம் கஞ்சி எப்ப பாய் குடுக்கறது?”

கரியாலூர்

மல்லிகாவுக்கு மட்டும் நான் போன் பண்ணவில்லை. போனில் சொல்லிவிட்டுத் தப்பிக்கிற விஷயம் இல்லை அது. கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். கோமுகி அணை தாண்டி மலை ஏற ஏற, என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று வாய்க்குள்ளேயே பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். நிலத்தில் கால் வைத்ததும் பார்த்தேன், பாசி வளர்க்கும் குழியில் தண்ணீர் இல்லை. வாய்க்காலை மரவள்ளிப் பக்கம் திருப்பி விட்டிருந்தாள். கற்கள் ஓரமாகக் குவிந்து கிடந்தன, மேலே பாசி காய்ந்து வெளுத்துப்போயிருந்தது. வீட்டு வாசலில் இரண்டு பைகளைக் கட்டி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கேரளா எஸ்டேட் வேன் வருகிறது, பிள்ளைகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம் என்றாள். உட்காரச் சொன்னாள், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில் பரீட்சை, பிளாஸ்டிக் தென்னை மரம், பொரி, ஸ்டிக்கர், எதையும் மறைக்கவில்லை. “தப்பு என் மேலதாம்மா. உன்மேல பழி போட்டது பெரிய பாவம்” என்றேன்.

மல்லிகா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வாய்க்கால் மடையைக் குழிப் பக்கம் வெட்டிவிட்டாள். தண்ணீர் சலசலவென்று குழிக்குள் இறங்கியது. நிழலில் ஒரு குடத்தில் விதைக்கென்று ஒரு பிடி பாசி எடுத்து வைத்திருந்தாள், அதைக் காட்டினாள். மழைக்காலம்தான், ஒன்றரை மாதத்தில் பிடித்துவிடும், வேன்காரனுக்குத் தான் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். அப்புறம்தான் அந்தப் பேச்சை எடுத்தாள். நான் அனுப்பிய பாட்டிலை அன்றைக்கே ஒரு தட்டில் ஊற்றிப் பார்த்திருக்கிறாள். அடியில் இரண்டு பொரி ஊறிக் கிடந்திருக்கிறது. அடுத்த நிமிஷமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “மொத நாளே தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதாம்மா?” என்று, வெட்கமே இல்லாமல் அவளைத்தான் கேட்டேன். பாட்டில் போன பிறகு அவள் மூன்று தடவை போன் பண்ணியதும், மூன்று தடவையும் அவள் பேரைப் பார்த்துவிட்டு நான் போனைக் கவிழ்த்து வைத்ததும், இப்படிக் கேட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, குரலை ஒரு துளி உயர்த்தாமல் சொன்னாள்: “மூணு வாட்டி போன் பண்ணேங்க பாய், பாசி வாங்கிக்கச் சொல்லி கெஞ்சத்தான் பண்றாள்னு நெனச்சிருப்பீங்க.”

ஆக, புழு எங்கேயிருந்து வந்தது என்று மூன்று வாரம் ஊர் ஊராகப் போய் விசாரித்த ஆளும் நான்தான், அதற்குச் சாப்பாட்டைப் பாக்கெட் போட்டு வீட்டுக்கு வீடு அனுப்பிய ஆளும் நான்தான், போன் பண்ணிச் சொல்ல வந்தவளின் பேரைப் பார்த்துவிட்டு எடுக்காத ஆளும் நான்தான்.